மந்தையை விட்டு விலகிய சொல்: அகராதி தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளைத் தொகுப்பவர்களுக்கும், பழைய பதிப்புகளைத் திருத்தி இணையத்தில் ஏற்றுபவர்களுக்கும்,

வணக்கம்.

ஒரே ஒரு சொல்லை முன்வைத்து இந்த மடலை எழுதுகிறோம். ‘இக்ரீஜஸ்’ (egregious) என்பது அந்த ஆங்கிலச் சொல். நீதிமன்றத் தீர்ப்புகள், மனித உரிமை அறிக்கைகள், நிறுவன மோசடி பற்றிய செய்திகள், கல்வி நிலையங்களின் ஒழுங்கு விதிகள் என்று எங்கே வெட்கமில்லாத பெருந்தவறைப் பற்றிப் பேச்சு வருகிறதோ அங்கே இந்தச் சொல் வரும். தமிழில் அதை எழுதும்போது பெரும்பாலும் ‘அப்பட்டமான’ என்று போட்டுவிடுகிறோம். ‘பிளேட்டண்ட்’ வந்தாலும் அப்பட்டமான. ‘ஃபிளேக்ரண்ட்’ வந்தாலும் அப்பட்டமான. வேறு சிலர் ‘மிக மோசமான’ என்று முடித்துக்கொள்கிறார்கள். இன்னும் சில இடங்களில் ‘தலைசிறந்த’ என்ற நேரெதிரான பொருள் முதலிடத்தில் நிற்கிறது. அகராதியைத் திறக்கும் மாணவருக்கு எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று தெரிவதில்லை. இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது, எப்படித் தீர்க்கலாம் என்பதுதான் எங்கள் செய்தி.

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். இலத்தீனில் ‘கிரெக்ஸ்’ என்றால் மந்தை. ‘எக்ஸ் கிரெகே’ என்றால் மந்தையிலிருந்து வெளியே. அதிலிருந்து வந்தது ‘எக்ரேகியுஸ்’: மந்தையோடு மந்தையாக நிற்காமல் தனித்துத் தெரிவது. தேவாலயத்தில் கூடும் சபையைக் குறிக்கும் ‘காங்கிரிகேஷன்’, பிரித்து ஒதுக்குவதைக் குறிக்கும் ‘செக்ரிகேஷன்’, மொத்தமாகச் சேர்த்ததைக் குறிக்கும் ‘அக்ரிகேட்’ எல்லாம் இதே மந்தையிலிருந்து கிளம்பியவைதான். மந்தை சேர்ந்தால் ஒரு சொல், பிரிந்தால் ஒரு சொல், அதிலிருந்து ஒன்று மட்டும் விலகி நின்றால் நம் சொல்.

உரோமாபுரியில் இது வெறும் பாராட்டுச் சொல்லாக மட்டும் இருக்கவில்லை, அரசாங்கப் பட்டமாகவும் இருந்தது. குதிரைவீரர் வகுப்பைச் சேர்ந்த அதிகாரிகளுக்கு 2, 3ஆம் நூற்றாண்டுகளில் மூன்று படிநிலைப் பட்டங்கள் இருந்தன. கீழ்ப்படியில் ‘வீர் எக்ரேகியுஸ்’, அதற்கு மேல் ‘பெர்ஃபெக்டிசிமுஸ்’, உச்சியில் ‘எமினெந்திசிமுஸ்’. முதலாவது, மாகாணங்களில் பேரரசரின் வருவாயைக் கவனித்த அதிகாரிகளுக்கு உரியது. ‘மாண்புமிகு’ என்று நாம் போடுவது போல. இத்தாலிய மொழியில் அந்த மதிப்பு இன்றைக்கும் உயிரோடிருக்கிறது. முறைப்படியான கடிதத்தில் பெறுநரை ‘எக்ரேஜியோ சிஞ்ஞோரே’ என்று விளிப்பார்கள். ஸ்பானியத்திலும் ‘எக்ரேஹியோ’ புகழ்மிக்கவரைத்தான் குறிக்கும். ஆங்கிலத்தில் மட்டும்தான் இது கவிழ்ந்தது. இலத்தீன் மூலத்தில் இழிவின் சாயலே இல்லை என்பதை அகராதியின் சொற்பிறப்புக் குறிப்பு கட்டாயம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ‘மந்தையிலிருந்து துரத்தப்பட்டவன்’ என்று கதை கட்டிவிடுவார்கள்.

ஆங்கிலத்துக்குள் இது 1530களில் வருகிறது, நல்ல பொருளோடுதான். கிறிஸ்டோபர் மார்லோவின் ‘டாம்பர்லேன்’ நாடகத்தின் இரண்டாம் பாகத்தில் கீழை நாடுகளின் ஆளுநர்களை இந்த அடைமொழியால் மரியாதையாக விளிக்கிறார்கள். அது 1590இல் அச்சானது. ஆனால் அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே சொல் தடம் மாறத் தொடங்கிவிட்டது.

தடம் மாறுவதை ஷேக்ஸ்பியரிடம் கிட்டே நின்று பார்க்க முடிகிறது. 1599 வாக்கில் எழுதப்பட்ட ‘ஐந்தாம் ஹென்றி’யில் பிஸ்டல் என்ற வாய்ச்சவடால் சிப்பாய் இந்தச் சொல்லை இரண்டு தடவை சொல்கிறான். ஒரு காட்சியில் தன் சகாவை ‘இக்ரீஜஸ் நாயே’ என்று ஏசுகிறான். பிறகு போர்க்களத்தில் பிரெஞ்சுக்காரன் ஒருவனைப் பிடித்து வைத்துக்கொண்டு ‘இக்ரீஜஸ்’ மீட்புப்பணம் கொடுத்தால்தான் உயிரோடு விடுவேன் என்கிறான். முதலாவதில் வசை. இரண்டாவதில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. மிகப் பெரிய தொகை, அவ்வளவே. ஒரே வாயில், ஒரே நாடகத்தில் இரண்டு பொருள். அடுத்து ‘ஒதெல்லோ’வில் இயாகோ, மூர் தலைவனை ‘இக்ரீஜஸ்லி’ கழுதையாக்கி, அதற்காக அவனையே எனக்கு நன்றி சொல்ல வைப்பேன் என்கிறான். ‘சிம்பலின்’ நாடகத்தின் கடைசிக் காட்சியில் போஸ்துமஸ் மனம் உடைந்து தன்னையே ‘இக்ரீஜஸ் கொலைகாரன்’ என்று சபித்துக்கொள்கிறான். அங்கே வந்தபிறகு திரும்பிப் போக வழியில்லை. சொல் ஆளுநரின் தோளிலிருந்து இறங்கி, நாய், கழுதை, கொலைகாரன் ஆகியோரோடு பழகிவிட்டது.

சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் அகராதியை வெளியிட்டபோது இரண்டு பொருளையும் கொடுத்தார். முதலில் சிறப்பு மிக்க, குறிப்பிடத்தக்க. இரண்டாவதாக, மிகையாகக் கெட்ட. இரண்டாவதன் பக்கத்தில் ‘இதுவே வழக்கமான பொருள்’ என்று எழுதி வைத்தார். அந்தச் சின்னக் குறிப்பின் அருமையைத் தொகுப்பாளர்கள் உணர வேண்டும். வரலாற்று வரிசைப்படி பழையதை முன்னால் வைத்தவர், வாசகர் தடுமாறக் கூடாது என்று வழக்கைச் சுட்டிக்காட்டிவிட்டார்.

நம் இருமொழி அகராதிகளில் நடக்கும் விபத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதியும் அமெரிக்காவின் மெரியம்–வெப்ஸ்டரும் பொருள்களைப் பிறந்த வரிசையில் அடுக்குபவை. எண் 1 என்றால் மிகப் பழையது என்று பொருள், முக்கியமானது என்றல்ல. ‘வழக்கொழிந்தது’ என்ற முத்திரை அதன் அருகிலேயே இருக்கும். தமிழில் பெயர்க்கும்போது எண்ணை எடுத்துக்கொண்டு முத்திரையை விட்டுவிட்டால், 400 ஆண்டுக்கு முந்தைய பொருள் இன்றைய மாணவருக்கு முதல் விடையாகப் போய்ச் சேர்கிறது. அவரும் விண்ணப்பக் கடிதத்தில் தம் பேராசிரியரை ‘இக்ரீஜஸ் அறிஞர்’ என்று எழுதுவார். ஆங்கிலம் அறிந்தவர் காதில் அது ‘படுமோசமான அறிஞர்’ என்றுதான் விழும்.

ஏன் கவிழ்ந்தது? ஆரம்பத்தில் கேலியாகச் சொன்னார்கள், பிறகு கேலி கரைந்து வசை மட்டும் தங்கிவிட்டது என்பது சொல்வரலாற்றாசிரியர்கள் தரும் விளக்கம். தமிழ் வாசகருக்கு இதைப் புரியவைக்க நீண்ட விளக்கம் தேவையில்லை, நம்மிடமே சான்று இருக்கிறது. ‘பலே’ என்பது மெச்சும் சொல். கச்சேரியில் நல்ல சங்கதி விழுந்தால் பலே என்போம். அதே பலே, ‘பலே திருடன்’, ‘பலே கில்லாடி’ என்று வரும்போது என்ன செய்கிறது? திருடனை மெச்சவில்லை. திருட்டில் இவன் மற்றவர்களைப் போல் அல்ல, தனி ரகம் என்கிறது. மந்தையை விட்டு விலகியவன்! ‘கைதேர்ந்த மோசடிக்காரன்’ என்பதும் அப்படியே. ‘சரியான முட்டாள்’ என்பதில் எதுவும் சரியாக இல்லை. ‘சுத்த அயோக்கியன்’ என்பதில் சுத்தம் இல்லை. உயர்வையும் முழுமையையும் குறித்த சொற்கள் இழிவான பெயரோடு சேர்ந்ததும் அளவைக் காட்டும் கருவியாகிவிடுகின்றன.

‘அப்பட்டம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கலப்படமில்லாதது, அசலானது என்பது அதன் பழைய பொருள். பச்சைப் பொய், சுத்தப் பொய், அப்பட்டமான பொய் என்ற மூன்றிலும் இருப்பது ஒரே எண்ணம்: உண்மையின் துளிகூடக் கலக்காத பொய். பிறகுதான் அப்பட்டமான என்பது ‘வெளிப்படையான’ என்ற பக்கம் சாய்ந்தது. ஆகவே தமிழிலும் இந்தச் சொல் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் நகர்வை விளக்கும் அகராதி, எதிரே நிறுத்தும் தமிழ்ச் சொல் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். குறளில் மொட்டுக்குள் இருக்கும் ‘நாற்றம்’ மணம்தான். இன்று வீட்டுக்கு வந்தவரிடம் உங்கள் பூ நாற்றமடிக்கிறது என்று சொல்லிப் பார்க்க யாருக்கும் துணிவு வராது. இக்ரீஜஸ் போன வழியும் நாற்றம் போன வழியும் ஒன்றே. இந்த ஓர் ஒப்புமையைச் சொற்பிறப்புக் குறிப்பில் ஒரு வரியாகச் சேர்த்தால் மாணவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

இனி பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்ப்போம். அவர்களைப் பிரித்துக் காட்டாமல் இந்தச் சொல்லுக்கு எல்லை வகுக்க முடியாது.

‘பிளேட்டண்ட்’ ஒரு கவிஞர் உருவாக்கிய சொல். எட்மண்ட் ஸ்பென்சர் 1596இல் வெளியிட்ட ‘ஃபேரி குயீன்’ காவியத்தின் பிற்பகுதியில் ஒரு விலங்கு வருகிறது, பெயர் ‘பிளேட்டண்ட் பீஸ்ட்’. ஓரிடத்தில் அதற்கு நூறு நாக்கு, பிறகு ஆயிரம் நாக்கு என்கிறார். நாய் நாக்குகள் இரவும் பகலும் குரைக்கின்றன, பூனை நாக்குகள் கத்துகின்றன, கரடி நாக்குகள் உறுமுகின்றன, பாம்பு நாக்குகள் நஞ்சு கக்குகின்றன, இவற்றோடு மனித நாக்குகளும் உண்டு. அவதூறின் உருவம் அது. ஸ்பென்சர் அயர்லாந்தில் ஆளுநர் கிரே பிரபுவுக்குச் செயலாளராக 1580இல் போனவர். கிரே 1582இல் திருப்பி அழைக்கப்பட்டார். காவியத்தில் வேலை பாதியில் நிற்கத் திரும்பும் வீரன் ஆர்ட்டெகாலை வழியில் பொறாமையும் தூற்றலும் மறித்துக்கொண்டு இந்த விலங்கை ஏவிவிடுகின்றன. கிரேயைத் தூற்றியவர்களுக்குத்தான் அந்த ஆயிரம் நாக்கு என்று படிப்பது வழக்கம். உளறுவதைக் குறிக்கும் ‘பிளாத்திரே’ என்ற இலத்தீன் வினை கவிஞர் மனத்தில் இருந்திருக்கலாம். எப்படியானாலும் இந்தச் சொல்லின் பிறப்பில் இருப்பது ஓசை. 17ஆம் நூற்றாண்டில் ‘காதைத் துளைக்கும்படி கத்துகிற’ என்று பொதுவழக்குக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் காதிலிருந்து கண்ணுக்குத் தாவி, ‘யார் கண்ணுக்கும் தப்பாத, மறைக்கவே முயலாத’ என்ற இன்றைய பொருளை அடைந்தது. இதற்கு நம் ‘அப்பட்டமான’ கச்சிதமாகப் பொருந்தும். ‘பட்டவர்த்தனமான’ இன்னும் பொருந்தும்.

‘ஃபிளேக்ரண்ட்’ நெருப்பில் பிறந்தது. ‘ஃபிளாக்ராரே’ என்றால் இலத்தீனில் கொழுந்துவிட்டு எரிதல். பேரரசர் ஜஸ்டினியனின் 6ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பில், பெண்ணைக் கடத்தும்போதே ‘குற்றம் இன்னும் எரிந்துகொண்டிருக்கையில்’ பிடிபடுபவர்களைப் பற்றி ஒரு சட்டம் பேசுகிறது. இங்கே எரிதல் என்பது நேரத்தைக் குறிக்கிறது. குற்றத்தின் சூடு ஆறவில்லை. நம் மொழியில் இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை: கையும் களவுமாக. பிரான்சின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 53ஆம் பிரிவில் இன்றும் இதே பொருளில் வாழ்கிறது. இப்போது நடந்துகொண்டிருக்கும் குற்றம், சற்றுமுன் நடந்த குற்றம், ‘பிடி பிடி’ என்று ஊரே கத்திக்கொண்டு துரத்தும் நிலை, இவையெல்லாம் ‘ஃபிளாக்ரான்’. அப்போது காவல்துறைக்குக் கூடுதல் அதிகாரம் கிடைக்கும், அந்த விசாரணைக்கு 8 நாள் கெடு. பிரேசிலின் 1988ஆம் ஆண்டு அரசியலமைப்பில், உரியவர் இசைவில்லாமல் ஒரு வீட்டுக்குள் நுழைய அனுமதிக்கும் ஒருசில காரணங்களில் இதுவும் ஒன்று. இந்த இடங்களில் ‘அப்பட்டமான குற்றம்’ என்று தமிழில் எழுதினால் சட்டமே மாறிப்போகும். குற்றம் எவ்வளவு வெளிப்படையானது என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை, சூடு ஆறியதா என்றுதான் கேட்கிறது.

ஆங்கிலத்தில் 1700களின் தொடக்கத்திலிருந்து ஃபிளேக்ரண்ட் ‘வெட்கமில்லாமல் துணிந்து செய்த’ என்ற பொருளுக்கு வந்துவிட்டது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 97ஆம் பிரிவில், மீறல் எவ்வளவு ஃபிளேக்ரண்ட் என்பதைப் பார்த்துக் கூடுதல் இழப்பீடு விதிக்க நீதிமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. அதற்கு முந்தைய சட்டத்தின்கீழ் ஒரு வழக்கில் நீதிபதி பிரைட்மன், வெறுக்கத்தக்க நடத்தை, ஏமாற்று, கணக்குப் போட்டு வேண்டுமென்றே செய்த மீறல் ஆகியவை இந்தச் சொல்லுக்குள் அடங்கும் என்று விளக்கினார். இங்கே பொருந்தும் தமிழ், நாளிதழ்க்காரர்கள் தினமும் புழங்கும் ‘துணிகரமான’. பட்டப்பகலில் துணிகரக் கொள்ளை என்ற தலைப்பில் நெருப்பின் சூடு அப்படியே இருக்கிறது.

இதே சொல்லுக்கு மூன்றாவது வேலையும் உண்டு. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1989இல் சோரிங் வழக்கிலிருந்து ‘ஃபிளேக்ரண்ட்’ நீதி மறுப்பு என்று பேசிவருகிறது. ஒருவரை நாடுகடத்தினால் அங்கே அவருக்கு அப்படி ஒரு விசாரணைதான் காத்திருக்கிறது என்றால் கடத்தக் கூடாது. 2012 ஜனவரி 17 அன்று ஒத்மான் வழக்கில் முதன்முறையாக அந்தக் காரணத்துக்காகவே ஒரு நாடுகடத்தல் உரிமை மீறலாகும் என்று தீர்ப்பளித்தது. விசாரணையில் சாதாரணக் குறைகள் போதாது, நியாயமான விசாரணை என்பதன் சாரமே அழிந்துபோக வேண்டும் என்பது அளவுகோல். வெளிப்படையா, மறைவா என்ற கேள்வி இதில் இல்லை. புகலிட வழக்குகளுக்காக மொழிபெயர்க்கும் ஈழத்தமிழ் நண்பர்கள் இதை ‘அப்பட்டமான நீதி மறுப்பு’ என்று எழுதினால், வழக்காடுபவர் தவறான ஒன்றை நிரூபிக்க ஓடுவார். ‘நீதியின் அடித்தளத்தையே தகர்க்கும் மறுப்பு’ என்று நீட்டி எழுதுவதே பாதுகாப்பு.

இப்போது நம் சொல்லுக்குத் திரும்பலாம். பிளேட்டண்ட் தெரிவதைச் சொல்கிறது, ஃபிளேக்ரண்ட் துணிவைச் சொல்கிறது, இக்ரீஜஸ் அளவைச் சொல்கிறது. வகையில் பிறவற்றோடு ஒப்பிட்டு, இது அவற்றில் ஒன்றல்ல என்கிறது. போக்குவரத்துக் காவலர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகிறவரின் மீறல் பிளேட்டண்ட். அதை யாரும் இக்ரீஜஸ் என்று சொல்ல மாட்டார்கள், தினமும் நூறு பேர் செய்வது அது. எதிர்ப்பக்கம் அமெரிக்க முதலீட்டு மோசடிக்காரர் பெர்னார்ட் மேடாஃப். வாங்காத பங்குகளை வாங்கியதாகவும் விற்காததை விற்றதாகவும் போலிக் கணக்கு அறிக்கைகள் அச்சடித்து, பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் மறைத்தார். கண்காணிப்பு அமைப்பு சோதிக்க வந்தும் கண்டுபிடிக்கவில்லை. 2008 டிசம்பரில்தான் வெளியே வந்தது. இதைப் பிளேட்டண்ட் என்று சொல்லவே முடியாது, மறைத்ததுதான் அதன் உயிர். ஆனால் இக்ரீஜஸ் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைக்காது. 2009 ஜூன் 29 அன்று 150 ஆண்டு சிறை விதித்த நீதிபதி டென்னி சின் அந்தக் குற்றங்களை ‘எக்ஸ்ட்ராடினரிலி’ தீயவை என்றார். அந்தச் சொல்லும் இலத்தீனில் ‘வரிசைக்கு வெளியே’ என்பதுதான். மந்தைக்கு வெளியே, வரிசைக்கு வெளியே. ‘மேடாஃபின் அப்பட்டமான மோசடி’ என்று தமிழில் எழுதும்போது, மறைவாக நடந்த ஒன்றை வெட்டவெளியில் நடந்ததாகச் சொல்லிவிடுகிறோம்.

சட்டத்தில் இந்த வேறுபாடு பணக்கணக்காகவே மாறும். அமெரிக்காவில் கண்டுபிடிப்புக் காப்புரிமையை மீறியவருக்கு இழப்பீட்டை மூன்று மடங்குவரை உயர்த்தலாம். யாருக்கு உயர்த்துவது? 2016 ஜூன் 13 அன்று ஹேலோ எதிர் பல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை சொன்னது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் பழைய தீர்ப்புகளில் வந்த அடைமொழிகளை ஒரே மூச்சில் அடுக்கினார். தமிழில் அவற்றைப் பிரித்துப் பாருங்கள்: மனமறிந்து செய்த, எதையும் பொருட்படுத்தாத, கெடுநோக்குள்ள, நேர்மையற்ற எண்ணத்தோடு செய்த, திட்டமிட்ட, தவறென்று தெரிந்தே செய்த, துணிகரமான, கடற்கொள்ளையருக்கே உரிய. எட்டு அடைமொழி. ‘அப்பட்டமான’ என்ற ஒற்றைச் சாவியை நம்பியிருப்பவர் இந்த வரியிலேயே சிக்கிக்கொள்வார். பட்டியலுக்குப் பிறகு நீதிமன்றம் எல்லைக்கோடு போடும்போது எடுத்த சொல் இக்ரீஜஸ். வழக்கமான மீறலைத் தாண்டிய இக்ரீஜஸ் நடத்தைக்கு மட்டுமே இந்தத் தண்டனை என்றது. ‘வழக்கமான மீறலைத் தாண்டிய’ என்பதை இன்னொரு தடவை படியுங்கள். உரோமானிய ஆட்டு மந்தை 2016இல் வாஷிங்டனில் வந்து நிற்கிறது.

ஆகவே தமிழில் என்ன போடுவது? எங்கள் பரிந்துரை ‘படு’. படுமோசமான, படுபாதகமான, படுமுட்டாள்தனமான. இந்த முன்னொட்டு அளவை மட்டும் கூட்டுகிறது, வெளிப்படையா மறைவா என்பதில் தலையிடுவதில்லை. ‘படுஜோர்’ என்று நல்லதற்கும் வரும் என்பதால், தானாக இழிவு ஏற்றாமல் அடுத்து வரும் சொல்லிலிருந்து அதை எடுத்துக்கொள்கிறது. பிஸ்டலின் நாய்க்கும் மீட்புப்பணத்துக்கும் இடையே அந்த ஆங்கிலச் சொல் நின்ற இடம் இதுவே. ஒரு குறை உண்டு, ஒத்துக்கொள்கிறோம். தீர்ப்பிலும் அறிக்கையிலும் ‘படு’ பேச்சுவாடை அடிக்கும். அங்கே ‘வழக்கமான மீறல்களை விஞ்சிய’, ‘வரம்பு கடந்த கொடிய’ என்று விரித்து எழுதுவதே சரி. இரண்டையும் பதிவில் தந்து, எது எங்கே என்று குறிப்புப் போடுங்கள்.

இன்னொன்று, இலங்கை வழக்கைத் தனியாகக் காட்டுங்கள். அங்கே ‘பாரதூரமான’ என்பது செய்தியிலும் அரசு ஆவணத்திலும் நிலைபெற்ற சொல். தமிழ்நாட்டு வாசகருக்கு அது பழக்கமில்லை. ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூகப் பேரவை 1970இல் நிறைவேற்றிய 1503ஆம் தீர்மானம் ‘கிராஸ்’ மீறல்கள் தொடர்ந்து நடக்கும் போக்கைப் பற்றிப் பேசுகிறது. அந்தக் ‘கிராஸ்’ என்ற சொல்லுக்குப் பாரதூரமான என்பது நல்ல இணை. அதை இக்ரீஜஸுக்கும் கொடுத்துவிடாதீர்கள், அறிக்கையில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் வரும்போது மொழிபெயர்ப்பாளர் கையில் சொல் இல்லாமல் போய்விடும்.

பதிவு எப்படி இருக்கலாம் என்று ஒரு வரைவு தருகிறோம். தலைச்சொல்லுக்குப் பிறகு ஒலிப்பு: இக்-ரீ-ஜஸ், அழுத்தம் நடுவில். எழுத்தைப் பார்த்து ‘எக்ரெகியஸ்’ என்று படிக்கும் பழக்கம் பரவலாக இருப்பதால் இது அவசியம். அடுத்து இன்றைய பொருள், எண் 1 ஆக: (தவறு, மீறல், பிழை முதலியவை பற்றி) படுமோசமான, தன் வகையில் மற்றவற்றை விஞ்சிய, (சட்டம்) வழக்கமான மீறலைத் தாண்டிய. பிறகு எடுத்துக்காட்டு: ‘மருந்தின் அளவைப் பத்து மடங்கு கூட்டி எழுதியது படுமோசமான பிழை.’ எடுத்துக்காட்டில் பத்து மடங்கு போன்ற அளவு வெளிப்படையாக இருக்க வேண்டும், அப்போதுதான் சொல்லின் உயிர் பிடிபடும். பிறகு எண் 2, ‘வழக்கொழிந்தது, 16–17ஆம் நூற்றாண்டு’ என்ற முத்திரையோடு: தலைசிறந்த, மேன்மைமிக்க. முத்திரை பொருளுக்கு முன்னால் வரட்டும், பின்னால் வேண்டாம். அவசரத்தில் தேடுபவர் முதல் இரண்டு சொல்லைத்தான் பார்ப்பார். கடைசியில் ஒப்பிடுக: பிளேட்டண்ட் (பட்டவர்த்தனமான), ஃபிளேக்ரண்ட் (துணிகரமான, சட்ட இலத்தீனில் கையும் களவுமான).

ஷேக்ஸ்பியர் காலத்தில் இந்த அடைமொழி ஆட்கள்மீது தாராளமாக விழுந்தது. இன்று அது செயல்கள்மீதே பெரும்பாலும் விழுகிறது: பிழை, மீறல், அத்துமீறல், எடுத்துக்காட்டு. அடைப்புக்குறிக்குள் ‘செயல் பற்றி’ என்று ஒரு சொல் போட்டால், ‘படுமோசமான மனிதர்’ என்று ஆங்கிலத்தில் எழுத முனைபவர் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்க மாட்டார்.

பழைய அகராதிகளை எழுத்துணரி (அச்சுப் பக்கத்தின் படத்திலிருந்து எழுத்துகளைப் படித்தெடுக்கும் மென்பொருள்) வழியாக இணையத்தில் ஏற்றுபவர்களுக்குத் தனியே ஓர் எச்சரிக்கை. சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட ‘ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம்’ போன்ற பெரும்பணிகளை இன்றும் எல்லோரும் நம்பியிருக்கிறோம். அச்சில் சாய்வெழுத்தாகவும் சுருக்கக் குறியீடாகவும் இருக்கும் வழக்கு முத்திரைகள், எழுத்துணரியில் போகும்போது முதலில் உதிர்ந்துபோகும். உதிர்ந்தால் வழக்கொழிந்த பொருளும் வாழும் பொருளும் ஒரே காற்புள்ளி வரிசையில் நின்றுவிடும். ஆகவே ஏற்றிய பிறகு சுருக்கக் குறியீட்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குறியீடும் அச்சுப் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது, கோப்பில் எத்தனை முறை வருகிறது என்று பத்துப் பக்கத்துக்காவது எண்ணிப் பாருங்கள். எண் குறைந்தால் அந்த எழுத்துருவுக்கு எழுத்துணரியை மீண்டும் பழக்க வேண்டும். ஃபிளேக்ரண்ட், ‘ஃபிரேக்ரண்ட்’ இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. முன்னது எரிவது, பின்னது மணப்பது. இந்த இரண்டு பதிவுகளையும் கண்ணால் சரிபார்க்காமல் விடாதீர்கள்.

பிழை திருத்தும்போது ‘பேட்டண்ட்’ பதிவையும் ஒரு பார்வை பாருங்கள். இந்தியாவின் 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்புச் சட்டத்தில் 2015இல் சேர்க்கப்பட்ட 34(2அ) உட்பிரிவு ‘பேட்டண்ட் இல்லீகாலிட்டி’ பற்றிப் பேசுகிறது. அகராதியில் ‘காப்புரிமை’ என்ற ஒரே பொருள் இருந்தால், மொழிபெயர்க்கும் மென்பொருளும் அவசரக்காரரும் அதைக் காப்புரிமை தொடர்பான சட்டமீறல் ஆக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. அங்கே பொருள், தீர்ப்பைப் பார்த்ததுமே தெரியும் சட்டப் பிழை. பேட்டண்ட் என்றால் ‘திறந்த’ என்பதுதான் மூலப்பொருள். அரசர் முத்திரையிட்டு, எல்லோரும் படிக்கும்படி மூடாமல் அனுப்பிய உரிமை ஆவணம் ‘லெட்டர்ஸ் பேட்டண்ட்’, அதாவது திறந்த மடல். அங்கிருந்துதான் கண்டுபிடிப்பு உரிமைக்கு அந்தப் பெயர் வந்தது. இரண்டு பொருளையும் பிரித்து, ‘சட்டம்’ என்ற முத்திரையோடு ‘பார்த்ததும் புலப்படும்’ என்பதைத் தனி எண்ணாகக் கொடுங்கள்.

மேலே தந்த வரைவுப் பதிவை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், எங்கள் பெயர் வேண்டியதில்லை. ‘படு’ பொருத்தமில்லை என்று தோன்றினால், அளவை மட்டும் காட்டும் வேறு சொல் எது என்று எங்களுக்கும் தெரியப்படுத்துங்கள்.

இப்படிக்கு,
ஆங்கிலத்திலிருந்து சட்டமும் செய்தியும் மொழிபெயர்க்கும் சிலர்